ஆரின்ரை உடுப்பு

காகம் இன்னும் போகவில்லை. போகாது என்று பவளராணிக்குத் தெரியும், சோறு வைத்துக் கூப்பிட்டவளே அவள்தானே. சனிக்கிழமை என்றால் விடியத் தலைக்கு முழுகி, முதல் பிடி சோற்றைப் பின்வளவு மதிலில் வைத்து, கா கா என்று கூப்பிட்ட பிறகுதான் வாயில் தண்ணீர்கூட விடுவாள். அயர்லாந்துக்கு வந்ததில் மற்ற விரதமெல்லாம் குளிரோடு குளிராகப் போய்விட்டது, இது ஒன்றுதான் மிச்சம். ஊர்க் காகத்துக்குக் கழுத்து மட்டும் சாம்பல். இங்கத்தைக் காகத்துக்கு முதுகும் வயிறும் சாம்பல், தலையும் செட்டையும் வாலும் கறுப்பு. வந்த புதிதில் இதென்ன தோய்த்துச் சாயம் போன காகம் என்று சிரித்திருக்கிறாள். பிறகு, எந்த ஊர்க் காகமென்றாலும் பிதிர் பிதிர்தான், அவர்களும் பாவம் இவ்வளவு தூரம் பறந்து வந்தால் கொஞ்சம் வெளிறித்தான் போவார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி வைத்துக்கொண்டு வந்தாள். வேலையிடத்து நொரீன் ஒரு கதை சொல்லும்வரைக்கும் அந்தச் சமாதானம் நன்றாகத்தான் வேலை செய்தது. இப்போது காகம் சோற்றை முடித்து, அலகை மதிலில் இரண்டு பக்கமும் தீட்டிவிட்டு, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும். அவள் உடுப்புத் தோய்க்கிற பேசினுக்குள் தண்ணீரை நிரப்பிச் சவர்க்காரத் தூளைக் கொட்டிக் கையால் கலக்கினாள். தண்ணீர் எலும்பு வரைக்கும் குளிர்ந்தது.

தோய்க்க எடுத்த சேற்று உடுப்பு மகனுடையது. சேந்தன் மலைப்பக்கம் பயிற்சிக்குப் போய் நேற்றுப் பின்னேரம்தான் வந்தான். வந்தவன் சீருடையைச் சுருட்டிச் சமையலறை மூலையில் போட்டுவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தவன், இன்றைக்கு வெயில் ஏறித்தான் எழும்பினான். நாளைக்கு விடிய அவனுடைய படைப்பிரிவு லெபனானுக்குப் போகிறது. தலைமயிர் வெட்டப் புறப்பட்டவன் கதவடியில் நின்று, "அம்மா, உதுகளைத் தோய்க்க வேண்டாம். நான் அங்க போய்த் தோய்ப்பன்," என்றான். "சேத்தோட உடுப்பைக் கொண்டுபோறதோ? சனம் என்னைத்தான் பேசும். நீ போட்டு வா," என்றாள். எந்தச் சனம் என்று அவனும் கேட்கவில்லை, அவளுக்கும் தெரியாது. சேறு பிடித்த உடுப்பை மெஷினுக்குள் போட்டால் மெஷின் நாசமாகிவிடும், முதலில் கையால் கசக்க வேண்டும் என்பது அவளுடைய வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தை மகன் பலதரம் பகிடி பண்ணியிருக்கிறான். இன்றைக்குப் பண்ணவில்லை. கதவைச் சாத்தாமல் போனான். அவன் தெருவில் நடக்கும் சத்தம் கேட்டது, சப்பாத்துச் சத்தம், பட்டாளத்து நடை, இரண்டு காலும் ஒரே கனம். முந்தி இவன் இழுத்து இழுத்து நடக்கிறவன், நடையைத் திருத்தடா என்று எத்தனை தரம் பேசியிருப்பாள். திருத்திவிட்டார்கள். காற்சட்டையைத் தண்ணீருக்குள் அமத்தினாள், சேறு புகைபோலப் பிரிந்து வந்தது, பிறகு சட்டையை அமத்தினாள். வழமையாகப் பொக்கற்றுகளைப் பார்க்கிறவள், காசு, மூக்குத் துடைக்கிற ரிசு பேப்பர், சூயிங்கம், எல்லாம் கிடக்கும். அந்த நேரம் பார்த்துக் காகம் கத்தியது, அவள் நிமிர்ந்து மதிலைப் பார்த்தாள், கை தன்பாட்டுக்குச் சட்டையை அமத்திவிட்டது.

சண்டைக்கு இல்லை, சண்டையை நிற்பாட்டப் போகிறார்கள். அப்படித்தான் சொன்னான். நீலத் தொப்பி போட்டவர்களை ஒருவரும் சுடமாட்டார்களாம். "சண்டையை நிப்பாட்டப் போறவனுக்கு ஏன்ரா துவக்கு?" என்று கேட்டாள். "அது சும்மா வைச்சிருக்கிறதம்மா." "சும்மா வைச்சிருக்கிற துவக்கு எனக்கும் தெரியும் தம்பி, நான் அந்த ஊரிலயிருந்துதான் வந்தனான்." அவன் சிரித்து அவளுடைய தலையில் தன் நாடியை வைத்தான், அவ்வளவு உயரம். இவனை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் அவளும் புருஷனும் நாடு நாடாக ஓடினார்கள், குளிர் லொறிக்குள், மீன்மணத்துக்குள், ஒரு குழந்தையாவது வெடிச்சத்தம் கேட்காத இடத்தில் பிறக்கட்டும் என்று. பிறந்தான். வளர்ந்தான். வெடிச்சத்தத்தைத் தேடிப் போகிறான். யாரைக் குற்றம் சொல்வது. முன்னறையில் அண்ணன் குகநேசனின் படத்தை மாட்டியது அவள்தான். சீருடையில் நின்று சிரிக்கிற படம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பூ, விளக்கு, கும்பிடு மகனே மாமாவை. நடக்கத் தெரியாத குழந்தையைத் தூக்கிப் பிடித்துக் கும்பிட வைத்தாள். செத்தவனைக் கும்பிடுகிறோம் என்றுதான் அவள் நினைத்தாள், குழந்தை சீருடையைக் கும்பிட்டிருக்கிறது. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டியதென்று சொல்வார்கள். அவள் ஆணி அடித்துச் சுவரில் கட்டினாள். சட்டைக் கொலரைக் கசக்கினாள், கொலரில்தான் அழுக்கு போகாது, அண்ணனுக்கும் அப்படித்தான், கழுத்து வேர்வைக்காரன்.

நொரீன் அவளோடு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவள். வாய் ஓயாது, மனம் வெள்ளை. போன மாதம் தேத்தண்ணி நேரத்தில் மகன் லெபனானுக்குப் போகிற கதை வந்தது, பிறகு எப்படியோ காகத்துக்குச் சோறு வைக்கிற கதை வந்தது. சாம்பல் காகத்துக்கா என்று நொரீன் கோப்பையைக் கீழே வைத்தாள். அதற்குச் சோறு வைக்காதே, அது பறவை இல்லை, அவள். எவள்? மொரிகன். இந்த நாட்டின் பழைய யுத்த தேவதை. போர் நடக்கும் இடமெல்லாம் சாம்பல் காகமாக வந்து தலைக்கு மேலே சுற்றுவாளாம், யார் விழப்போகிறார்களோ அவர்களைப் பார்த்துக் கத்துவாளாம். பவளராணி அதற்குப் பயப்படவில்லை. எங்கள் காளியும் அப்படித்தான், போர்க்களம்தான் அவளுக்கு அடுப்படி என்றாள். நொரீனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அந்தப் பெயருக்கு மகாராணி என்று அர்த்தமாம், உன் பெயரும் ராணிதானே என்று தோளில் தட்டிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் மற்றதையும் சொன்னாள். போருக்குப் போகிற வழியில் வீரர்கள் ஆற்றைக் கடப்பார்கள். நமது அத்லோன் ஊரின் பெயரிலேயே ஆற்றைக் கடக்கும் துறைதான் இருக்கிறது, தெரியுமா. அந்தத் துறையில் அவளே ஒரு பெண்ணாகக் குனிந்து உடுப்புத் தோய்த்துக்கொண்டிருப்பாள். தண்ணீர் சிவப்பாக ஓடும். வீரன் கேட்பான், யாருடைய உடுப்பைத் தோய்க்கிறாய் என்று. அவள் நிமிர்ந்து பார்த்து, உன்னுடையது என்பாள். அவ்வளவுதான். அவன் அன்றைக்குத் திரும்ப மாட்டான்.

சாமி போய் உடுப்புத் தோய்க்குமோ என்று பவளராணிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவளுடைய ஊரில் சாமியின் சேலையைத் தோய்க்கவே சலவைசெய்கிற கட்டாடி வரவேண்டும், அந்த மனிதனைக் கோயிலுக்குள் விடமாட்டார்கள், ஆனால் செத்தவீட்டுக்கு அவன் வெள்ளை கட்டாமல் பிரேதம் எடுக்கவும் மாட்டார்கள். அந்த இடத்தில் சிரிப்பு நின்றது. தோய்க்கிறவருக்குத்தான் சாவு முதலில் தெரிகிறது, அங்கேயும் இங்கேயும். மொரிகன் கொல்கிறவளா, இல்லை சும்மா சொல்கிறவளா என்று நொரீனைக் கேட்டாள். நொரீன் உதட்டைப் பிதுக்கினாள். அந்த வீரன் கேளாமல் போயிருந்தால்? ஒருத்தரும் கேளாமல் போனதில்லை. அவள் வேறு பெயரைச் சொல்லியிருந்தால்? நொரீன் கொஞ்சம் யோசித்தாள். அப்படியென்றால் அந்தப் பெயர்க்காரன் போயிருப்பான், அவள் வாயில் யார் பெயர் வருகிறதோ அவருக்குத்தான், என்றாள். பிறகு, ஐயோ ராணி, இது கதை, உன் முகத்தைப் பார், என்று ஒரு பிஸ்கட்டை அவளுடைய கைக்குள் வைத்தாள். பிஸ்கட் வீட்டுக்கு வரும்வரை கைக்குள்ளேயே இருந்தது, தூளாகி.

காற்சட்டையைத் தூக்கிப் பிழிந்து திரும்பவும் போட்டாள். கொல்கிறவளா, சொல்கிறவளா. அண்ணன் இயக்கத்துக்குப் போன அன்றைக்கு முதல்நாள் அவனுடைய நீலக் கோடு போட்ட சட்டையைத் தோய்த்தது அவள்தான். கிணற்றடியில், கல்லில் அடித்து. "வடிவாத் தோய், கொலரைப் பார்," என்று நின்று சொன்னான், எங்கே போகப்போகிறான் என்று சொல்லவில்லை. விடிய அந்தச் சட்டையோடு போனான். பிறகு அவன் சட்டை போடவில்லை, சீருடைதான். பிறகு ஒருநாள் காலையில் முருங்கையிலிருந்து காகம் விடாமல் கத்தியது, அம்மா நெற்றியில் கைவைத்துப் பார்த்து, "ஆரோ விருந்தாளியள் வரப்போகினம்," என்று ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டா. அண்ணன் லீவில் வருகிறான் என்றுதான் அம்மாவின் நினைப்பு, வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் முட்டை அவித்தா. மத்தியானம் வந்தார்கள். சைக்கிளில் இரண்டு பேர், பின்னால் ஒரு வாகனம், வாகனத்துக்குள் பெட்டி. பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார்கள். அம்மா பெட்டியில் விழுந்து அழுதுகொண்டிருக்கும்போது அடுப்பில் அந்தக் கூடப்போட்ட சோறு அடிப்பிடிக்கிற மணம், அதை இறக்க ஒருவருக்கும் கைவரவில்லை. காகம் பொய் சொல்லவில்லை. விருந்தாளி வந்துதான் இருந்தார்கள். அன்றிலிருந்து காகம் கத்தினால் நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியாது, அதற்குத்தான் சோறு, வாயை அடைக்க. பிறகு புருஷன் சிவபாலன். வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் உடுப்பை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள், திறந்தால் அவள் முதல்நாள் தோய்த்து மடித்த சட்டை, மடிப்புக்கூடக் குலையவில்லை, சவர்க்கார மணம் அப்படியே. யார் வீட்டில்தான் பெண்கள் தோய்ப்பதில்லை. தோய்த்த உடுப்பைப் போட்டவர்கள் எல்லாரும் சாகிறார்களா. புத்தி அப்படித்தான் சொன்னது. ஆனால் புத்தி சொல்வதை நெஞ்சு எப்போது கேட்டிருக்கிறது. அவளுக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. மகன் வேண்டாம் என்று சொன்னான்தானே, அங்கே போய்த் தோய்ப்பன் என்று சொன்னான்தானே. ஏன் கை கேட்கவில்லை.

போதும், அப்படியே பையில் கட்டிக் கொடுத்துவிடுவோம், ஈரத்தோடு நாறினாலும் பரவாயில்லை என்று நினைத்துச் சட்டையை வெளியே எடுக்கக் குனிந்தாள். தண்ணீர் சிவப்பாக இருந்தது. சேற்றுச் சிவப்பு இல்லை. சேறு கறுப்பு, இந்த நாட்டுச் சேறு கரிச்சேறு. இது சிவப்பு, நுரை ரோசா நிறம், அவளுடைய இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் சிவப்பு. சட்டையின் நெஞ்சுப்பக்கத்திலிருந்து நூல்நூலாக வந்துகொண்டிருந்தது. காயம் பட்டிருக்கிறான், சொல்லவில்லை, நெஞ்சில் காயம், அதுதான் தோய்க்க வேண்டாம் என்றான். இல்லை, நேற்று வெறும்மேலோடு சாப்பாட்டு மேசையில் இருந்தவன், ஒரு கீறல்கூட இல்லை. அப்படியென்றால் இன்னும் படாத காயத்தின் இரத்தம். மதிலில் காகம் ஒருதரம் இடம்மாறி நின்றது. அவள் சட்டையைப் புரட்டி நெஞ்சுப் பொக்கற்றின் பட்டனைக் கழற்றினாள், விரல் விறைத்து இரண்டுதரம் வழுக்கியது, உள்ளே விரலைவிட்டாள், கையில் வந்தது கூழாகிப்போன கடதாசி. மடித்த கடதாசி. அவள் மடித்தது.

காளி கோயில் குங்குமம். ஊரிலிருந்து தபாலில் வந்தது, மகனுடைய பெயருக்கு அர்ச்சனை செய்து அனுப்பச்சொல்லி அவளே கேட்டு வாங்கியது. பயிற்சிக்குப் போக முதல் அவனுடைய நெஞ்சுப் பொக்கற்றுக்குள் வைத்துப் பட்டனைப் பூட்டி, "இதை எடுக்கக் கூடாது, நெஞ்சோட இருக்கவேணும்," என்று சொன்னாள். ஊரில் எல்லாத் தாய்மாரும் செய்கிறதுதான், பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும் வெளிநாடு போகிற பிள்ளைக்கும். எடுக்கவில்லை அவன். சொல் கேட்கிற பிள்ளை, பாவி, இதில் மட்டும் சொல் கேட்டிருக்கிறான். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, குங்குமமடி விசரி, குங்குமம், என்று வாய்விட்டே சொன்னாள். சிரிப்பு முழுசாக வெளியில் வரவில்லை. இரத்தமாயிருந்தால் துடைக்கலாம், மருந்து கட்டலாம். இது அவள் கூப்பிட்டுக் கொண்டுவந்தது. காவலுக்கு வைத்ததே தண்ணீரைச் சிவப்பாக்கியிருக்கிறது, வைத்ததும் அவள், தோய்க்கிறதும் அவள், கூப்பிட்டுச் சோறு போட்டதும் அவள். சுவரில் படம் மாட்டியது யார். கிணற்றடியில் கொலரைக் கசக்கியது யார். இவ்வளவு நாளும் அந்தத் துறையில் குனிந்து நின்ற பெண்ணை அவள் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், நீளத் தலைமயிரும் வெள்ளைக் கையுமாக, நொரீன் மாதிரி யாரோ. முகத்தை மயிர் மறைத்திருந்தது. இப்போது குனிந்திருந்தவள் அவள், மயிர் முகத்தில் விழுந்திருந்தது, விலக்கக் கை இல்லை, கை சிவப்பு. அப்போதுதான் தெருவில் சப்பாத்துச் சத்தம் கேட்டது, இரண்டு காலும் ஒரே கனம்.

தண்ணீரை ஊற்றிவிடலாம். பேசின் கனம், தூக்க வரவில்லை. வீட்டுக்குள் ஓடலாம், கை இரண்டும் இந்த நிறத்தில். மகனே, கேட்காதே, இன்றைக்கு ஒன்றும் கேட்காதே, பசிக்குது என்று சொல்லு, கடையில் சனம் என்று சொல்லு. சட்டையை அடியில் அமத்தி, அதன்மேல் காற்சட்டையை அமத்தி, நுரையை இழுத்து மூடினாள். கதவுதான் சாத்தாமல் கிடந்ததே. சமையலறையில் கதிரை நகர்ந்தது, பிறகு பின்கதவில் அவனுடைய நிழல், காதுக்கு மேலே ஒட்ட வெட்டின தலை, கழுத்து சின்னப்பிள்ளைக் கழுத்துப்போல, ஓரக்கண்ணில் தெரிந்தது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தபடியே இருந்தாள். வானம் இருண்டு கிடந்தது. ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது.

"அம்மா, மழை வரப்போகுது," என்றான் சேந்தன். "இந்தக் குளிருக்குள்ள இருந்து ஆரின்ரை உடுப்பைத் தோய்க்கிறியள்?"

கேட்டுவிட்டான். ஒருத்தரும் கேளாமல் போனதில்லை. உன்ரைதானடா, வேற ஆரின்ரை என்கிற பதில், எல்லா வீட்டிலும் எல்லாத் தாயும் சொல்கிற பதில், வாய்க்குள் அரைவாசி வந்துவிட்டது, உன் என்கிற சொல்லின் ருசிகூடத் தெரிந்தது. அதை விழுங்கினாள். முள்ளோடு மீனை விழுங்கினாற்போல நெஞ்சை அறுத்துக்கொண்டு இறங்கியது. பிறகு மெல்லத் திரும்பி, மயிரை முழங்கையால் விலக்கி, மகனுடைய முகத்தை ஒருதரம் முழுசாகப் பார்த்தாள்.

"என்ரைதான் ராசா," என்றாள். "என்ரை உடுப்பு."

"சரி, கெதியா முடிச்சிட்டு உள்ள வாங்கோ. நான் தேத்தண்ணி போடுறன்."

"போடு. எனக்குச் சீனி கூடப் போடு."

அவன் உள்ளே போனான். கேத்தலில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, பிறகு அவன் ஏதோ இங்கிலிஷ் பாட்டை மூக்கால் முனகுகிற சத்தம். பவளராணி எழும்பிப் பேசினைச் சரித்தாள். சிவப்புத் தண்ணீர் புல்லுக்குள் ஓடி, மதிலடி வாய்க்காலில் இறங்கி, ஆற்றுப் பக்கமாகப் போயிற்று. நொரீன் அந்தக் கதையின் முடிவையும் சொல்லியிருந்தாள். அந்த வீரன் செத்துப்போனதுகூட ஒருவருக்கும் தெரியாதாம். கல்லோடு தன்னைக் கட்டிக்கொண்டு நின்றபடியே செத்தவனைக் கிட்டப்போய்ப் பார்க்க எதிரிகளுக்குப் பயம். காகம் வந்து அவனுடைய தோளில் இருந்த பிறகுதான் நம்பினார்களாம். மதிலிலிருந்து காகம் இறங்கியது. புல்லில் இரண்டு எட்டு நடந்தது, உடுப்புக் கொடியில் ஏறியது, தலையைச் சரித்து அவளைப் பார்த்தது. வேறு நாளென்றால் சூ என்று கையை ஓங்கியிருப்பாள். அவள் ஈரச் சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அது வந்து இருக்க இடம் விட்டு, தோளை அசைக்காமல் நின்றாள்.